இயந்திரம் படிக்க எழுதிய நான்கு வரி

என் கையெழுத்து வலப்பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். சாவிப் பலகையும் போர்வைகளும் என் பொறுப்பு. முன்பு கவுண்டரிலும் நான்தான் உட்காருவேன். புது முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. பௌர்ணமிக் கூட்டம் படிக்கட்டு வரை நிற்கும்போது, அறை இல்லை என்று சொல்வதற்குள் சட்டை நனைந்துவிடும். அதனால் எங்கள் முதலாளி பாய் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டை வைத்தபோது, எனக்கு விடுதலை கிடைத்ததுபோல் இருந்தது. போனில் வரும் செய்திகளைப் படித்து, பதிவுத்தளத்தில் பார்த்து, அதுவே அறை கொடுக்கும்.

பதிவுத்தளத்துக்குள் போக அதற்கு நுழைவுச்சீட்டுபோல ஒரு டோக்கன் உண்டு. ஒரு மணி நேரம்தான் செல்லும். பிறகு புதிது வாங்க கணினிக்குள்ளேயே ஒரு கருவியையும் கொடுத்திருந்தார்கள்.

போன மாதப் பௌர்ணமியன்று காலையில் யாரோ ஏழாம் அறை கேட்டார்கள். அது பாய் வீட்டு உறவினர்களுக்கென்று ஒதுக்கியது. ஏஜென்ட் அதைத் தொட அனுமதி இல்லை. தளம் மறுத்தது. டோக்கன் பழசாகிவிட்டது என்று நினைத்து ஏஜென்ட் புதிது வாங்கியது. மறுபடி மறுப்பு, மறுபடி புதிது. இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்ததில் தளம் எங்களை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டது. மாலை வரை ஓர் அறையும் பதிய முடியவில்லை. பைகளோடு நின்றவர்கள் முன்னால் நான் ஊமையாக நின்றேன்.

பாய் சொன்னார்: "இன்னொரு பௌர்ணமி பாப்பேன். அப்பவும் இதே கூத்துன்னா மெஷினைத் தூக்கிடுவேன். நீ வந்து கவுண்டர்ல குந்திக்கோ."

அன்று போர்வைகளை மூன்று தடவை எண்ணினேன்.

அந்த ஏஜென்ட்டை அமைத்துக் கொடுத்த பெண் வேங்கிக்காலில் இருப்பவர். மறுவாரம் லாட்ஜுக்கு வந்தார். கருவிக்கு எழுதியிருந்த விளக்கத்தைக் காட்டினார். 'டோக்கனைப் புதுப்பிக்கும்.' அவ்வளவுதான் இருந்தது.

"ஏஜென்ட் இதைப் படிச்சுத்தான் முடிவெடுக்கும், அண்ணா. இதைத் தாண்டி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எங்க ரூம்ல அழுக்குத் துணி எடுக்குற அக்காவும் இப்படித்தாங்க. கதவு தெறக்கலன்னா மாத்துச் சாவி வாங்கிக்கோன்னு சொல்லியிருந்தேன். மலை சுத்திட்டு வந்தவங்க உள்ள தாழ்ப்பாள் போட்டுத் தூங்குறாங்க. அக்கா நாலு தடவை சாவி கேட்டு வந்துட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்புறம் என்ன சொன்னீங்க?"

"பூட்டு சுத்தலன்னா சாவிக்கு வா. சுத்தியும் தெறக்கலன்னா உள்ள ஆள் இருக்கு, என்கிட்ட வந்து சொல்லுன்னேன்."

"இருங்க, இருங்க" என்று மடிக்கணினியைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல, அவர் திருத்தத் திருத்த, ஒரு மணி நேரத்தில் நான்கு வரி வந்தது. 'தளம் "டோக்கன் காலாவதி" என்று சொன்னால் மட்டும் இந்தக் கருவியைப் பயன்படுத்து. "அனுமதி இல்லை" என்றால் பயன்படுத்தாதே, புது டோக்கனுக்கும் அதே பதில்தான் வரும். புதியது வந்ததும் பழையது செல்லாது, அதை மறுபடி காட்டாதே. ஒருமுறை புதுப்பித்த பிறகும் மறுத்தால் நிறுத்திவிட்டு, சாவிப் பலகை பொறுப்பாளரைக் கேள்.'

கடைசி வரியில் இருப்பது நான்தான் என்று தெரிந்ததும் காது சூடாகிவிட்டது.

அடுத்த பௌர்ணமி வந்தது. காலை பத்து மணிக்கு வேண்டுமென்றே பாய் தன் மச்சானை விட்டு, வெளியாள்போல் போனில் ஏழாம் அறை கேட்கச் சொன்னார். பாய், மச்சான், நான் மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடின. 'மறுப்புக்குக் காரணம் காலாவதி அல்ல. அனுமதி இல்லை. டோக்கனைப் புதுப்பிக்கக் கூடாது. பொறுப்பாளரைக் கேட்கிறேன்.'

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

கதவையோ தாழ்ப்பாளையோ ஒருநாளும் பார்த்திராத ஒன்று, அக்காவுக்கு நான் சொன்னதைக் கேட்டு, கதவுக்கு வெளியே நிற்கிறது. மனிதர்கள் முன்னால் வராத என் பேச்சு அதற்குள் போய் வேலை செய்கிறது. விடியற்காலையில் தெரு திரும்பியதும் மலை மொத்தமாக முன்னால் நிற்குமே, அப்போது வாய் மூடிக்கொள்வதுபோல் மூடிக்கொண்டது. 'அது வீட்டுக்காரர்களுக்கு. வேறு அறை கொடு' என்று எழுத்துப் பிழையோடு பதில் அனுப்பினேன். புரிந்துகொண்டு பன்னிரண்டாம் அறையைக் கொடுத்தது. அன்று சாயங்காலத்துக்குள் லாட்ஜ் நிரம்பியது.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் என்னாத்துக்கு கவுண்டர்ல நிக்குற? வேலை ஜாஸ்தி கெடக்கு, போய்ப் போர்வைய மடி."

ஓடினேன்.

எழுதியது: ஆனி மாதம், பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை.