இருபத்திரண்டு மில்லிமீற்றர்

2019 ஜூலை 6, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை இல்லை, கடும் வெயில். சோளகக் காற்று மணலை வாரி யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மன்னாரில், கீரி என்ற ஊரில், என் வீட்டு நடு அறையில், சீமெந்துத் தரையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கணினிக்கு வேண்டிய பாகங்களைப் பரப்பி வைத்திருந்தேன். எட்டுப் பாகங்கள். ஒன்று மற்றதோடு பொருந்துமா என்று மூன்று தடவை சரிபார்த்தாகிவிட்டது.

எல்லாம் என் மகனுக்காக. தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன். நாங்கள் மூவரும் திரும்பி வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. இப்போது கொழும்பில் மென்பொருள் வேலை. தாய் இறந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். இரண்டு இரவு தங்குவான். மூன்றாம் நாள் காலை பஸ். ஏன் இந்த அவசரம் என்று தொலைபேசியில் கேட்டேன். வேலையை மடிக்கணினியில் எங்கிருந்தும் செய்யலாமாம். ஆனால் பின்னேரங்களில் கூட்டாளிகளோடு இணையத்தில் விளையாட அதற்கேற்ற பெரிய கணினி வேண்டுமாம். அது கொழும்பில் இருக்கிறதாம்.

"அங்கயும் ஒண்டு இருந்தா ஓகஸ்ட் முழுக்க நிப்பன் அப்பா" என்று சிரித்தான்.

பகிடிக்குத்தான் சொல்லியிருப்பான். நான் விடவில்லை.

புதிது வாங்கியதால் சும்மா கிடந்த தன் பழைய கிராஃபிக்ஸ் காட்டை, விளையாட்டுப் படங்களைத் திரைக்குத் தரும் பாகத்தை, பஸ்ஸில் அனுப்பிவைத்தான். மற்றவை என் பொறுப்பு. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்றும் சொல்லித்தந்தான். புரொசசரும் அது உட்காரும் மதர்போட்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். அந்த மதர்போட் ஏற்கும் ராம் நினைவகம்தான் வாங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டி, அதற்கு மேலாகப் பவர் சப்ளை எடுக்க வேண்டும். நில அளவைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு இது பெரிய கணக்கில்லை. முந்நூற்று எண்பது வாட்ஸ் வந்தது. ஐந்நூற்றைம்பது வாங்கினேன். பிழைத்திருக்குமோ என்று படுத்த பிறகும் மனதுக்குள் கூட்டினேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியைக் கேசிங் என்பார்கள். அது எதுவானாலும் பரவாயில்லை என்று மகன் சொல்லியிருந்ததால், அதைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை.

மன்னார் பஸாரில் கணினிக் கடை நடத்தும் பெண் ஏழு கேசிங் காட்டினாள். ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.

"ஐயா, தேங்காய் வாங்கவே வந்தனீங்கள்?" என்றாள்.

ஒரு கையால் தூக்கக்கூடிய சிறியதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, அதற்குள் காட் போகவில்லை. நேராக வைத்தேன், சரித்து வைத்தேன். அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தால் காட்டின் நீளம் இருநூற்று எண்பத்திரண்டு மில்லிமீற்றர். பெட்டிக்குள் இடம் இருநூற்று அறுபது. ஓகஸ்டுக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான்.

பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது என்றாள் கடைக்காரி. நீளம் குறைந்த காட் இருக்கிறது, ஆனால் மகனின் விளையாட்டு அதில் இழுபடும் என்றாள். பெரிய கேசிங் ஒன்றை இழுத்து வந்து முன்னால் வைத்தாள். இரண்டு கையாலும் முழங்கால் உயரத்துக்குத்தான் தூக்க முடிந்தது. பாரமாக இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

"மேசைக்குக் கீழ வைக்கிற சாமான்தானே ஐயா. இதைத் தூக்கிக்கொண்டு எங்க போகப்போறியள்?"

பெட்டியிலிருந்து கையை எடுத்தேன். ஓடவேண்டி வந்தால் ஒரு கையில் இது, மறு கையில் பத்திரங்கள் வைத்த பை. முதல்நாள் கடையில் நின்றபோது, எனக்கே தெரியாமல் நான் பார்த்தது அதைத்தான். 1990இல் இந்தியாவுக்குப் படகேறிய பிறகு வாங்கிய அடுப்பு, ரேடியோ, மின்விசிறி எல்லாம் அப்படித் தூக்கிப் பார்த்து வாங்கியவை. திரும்பி வந்து எட்டு வருடமாகியும் வீட்டில் அலுமாரி இல்லை. என் உடுப்புகள் இரண்டு சூட்கேசில் இருக்கின்றன. மகனும் வந்தால் பையை அவிழ்த்து அடுக்குவதில்லை.

பெரியதையே எடுத்தேன். ஓட்டோக்காரரும் நானுமாக அதை வீட்டுக்குள் இறக்கினோம்.

மகன் ஓகஸ்ட் மூன்றாம் திகதி வந்தான். கணினி முதல் அழுத்திலேயே உயிர் பெற்றது. என்னைப் பார்த்து, "கெட்டிக்காரன்தான் அப்பா" என்றான். பின்னேரமானால் ஹெட்போனால் காதுகளை மூடிக்கொண்டு திரைமுன் இருந்துவிடுவான். அறை வாசல் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கதிரையில் நான். நான் பார்த்தறியாத யார் யாரோடோ ஆங்கிலத்தில் பேசுவான், விழுந்து விழுந்து சிரிப்பான். அவ்வளவு சிரிப்பை என்னோடு அவன் சிரித்ததில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்தால் தலையாட்டுவான். நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது நான்கு தடவை.

பத்தொன்பது இரவு நின்றான். பிறகு வேலையிடத்தில் கூப்பிட்டுவிட்டார்களாம். போகிற காலையில் திருப்புளியோடு வந்து நின்றான்.

"காட்டைக் கழட்டட்டே அப்பா? கூட்டாளி ஒருத்தன் பதினெண்ணாயிரம் தாறன் எண்டவன். இங்க சும்மாதானே கிடக்கப்போகுது."

"இருக்கட்டும்" என்றேன். "அதுவும் இல்லாட்டி நீ ஏன் வரப்போறாய்?"

திருப்புளியை மேசையில் வைத்தான். பதினெண்ணாயிரத்தை எண்ணி அவன் பையின் பக்கப் பொக்கற்றில் வைத்தேன். "என்னப்பா இது" என்றானே தவிர, எடுத்துத் திருப்பித் தரவில்லை. ஒன்பதே காலுக்குப் பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்து, அந்தப் பத்தொன்பது இரவுக்கு என்ன செலவானது என்று கூட்டிப் பார்த்தேன். பாகங்கள், உதவாமற்போன சின்னக் கேசிங், ஓட்டோக் கூலி, அந்தப் பதினெண்ணாயிரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது ரூபா.