பக்கத்து வேனில் படுத்திருந்த மழைத்துளி

கண்ணுகளா, உங்கள் அப்பா யாரோடும் சண்டைக்குப் போகாத ஆள் என்று உங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது முழு உண்மை இல்லை. போன வருஷம் பங்குனி வெயிலில், திண்டுக்கல் பழனி ரோட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற புங்கமரத்தடியில் வேனை நிறுத்தி, அதற்குள் படுத்துக்கொண்டே ஒரு ஆளோடு நான் தினமும் சண்டை போட்டேன். கை ஓங்கவில்லை, சத்தமும் இல்லை. எல்லாம் போனில்தான். அந்தக் கதையின் கடைசிப் பகுதி மட்டும் உங்களுக்குத் தெரியும். மூத்தவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குக் காலையில் ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். நடுவில் வேலை இல்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் டீசல்தான் நட்டம். அதனால் சீட்டை மடக்கிப் போட்டுப் படுத்துவிடுவேன். பங்குச் சந்தை திறந்திருப்பதும் சரியாக அந்த நேரம்தான். இது நான் தேடிப் போனது இல்லை. நம் வேனில் வருகிற ஒரு குழந்தையின் அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார். அவர்தான் போனிலேயே கணக்குத் திறந்து கொடுத்து, சின்னச் சின்னதாக வாங்கிப் பழகச் சொன்னார். பங்கு வாங்குகிறவர்கள் பேசிக்கொள்கிற ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டார். அந்தக் குழுவில் போன் நம்பர் தெரியாது. நாமாக வைத்துக்கொள்கிற பெயரும் படமும்தான் தெரியும். நான் ‘சிங்கம்’ என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. நம் ஆட்களிடம் ஷேர் என்று சொன்னால், சீட்டாடுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். எனக்குப் பக்கத்தில் வேன் நிறுத்துகிற அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவர் மீசை மாமா. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நாங்கள் இரண்டு பேரும் முன்னே பழனி ரூட்டில் பஸ்ஸில் இருந்தவர்கள். அவர் ஒரு முதலாளி பஸ்ஸில் டிரைவர், நான் இன்னொரு முதலாளி பஸ்ஸில் கண்டக்டர். அப்போது எங்களுக்குள் போட்டி என்றால் அப்படி ஒரு போட்டி. இப்போது இரண்டு பேரும் ஒரே மரத்தடி. மத்தியானம் அவர் வீட்டு வெஞ்சனம் என் தட்டில், என் வீட்டு வெஞ்சனம் அவர் தட்டில். சாப்பிட்டதும் அவரவர் வேனில் ஏறிக் கொஞ்ச நேரம் தூங்குவோம். தூங்குவதாகத்தான் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டிருந்தோம்.

குழுவில் அப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியைப் பற்றித்தான் பேச்சு. அதன் பங்கு ஏறும் என்று ஒரு கூட்டம், அதற்குப் போட்டி என்று நான் நினைத்துக்கொண்ட கம்பெனிதான் ஏறும் என்று இன்னொரு கூட்டம். மற்றவர்கள் இங்கிலீஷில் எழுதுவார்கள், கோடு கோடாகப் படம் போடுவார்கள். தமிழில் எழுதியது நானும் ‘மழைத்துளி’ என்று ஒரு ஆளும்தான். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிற படம் வைத்திருந்தார். பெயரையும் படத்தையும் பார்த்து, சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற சின்ன வயசு ஆள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பஸ். அதனால் கம்பெனியைப் பஸ்ஸாக நினைத்துக்கொண்டேன். “முன்னாடி போற பஸ்ஸுக்குத்தான் எல்லா ஸ்டாப்லயும் ஆள் ஏறும். பின்னாடி வர்றவனுக்கு டீசல் செலவு மட்டும்தான்” என்று எழுதினேன். நான் நம்பிய கம்ப்யூட்டர் கம்பெனி முன்னாடி போகிற பஸ், மழைத்துளி தூக்கிப் பிடித்த கம்பெனி பின்னாடி வருகிற பஸ் என்று அர்த்தம். குழுவில் நாலு பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழைத்துளி விடவில்லை. “முன்னாடி போறவன் நின்னு நின்னு ஆள் ஏத்துவானுங்க. பின்னாடி வர்றவன் எங்கயும் நிக்காம பழனிக்கு முன்ன போய்ச் சேந்து, திரும்புற ட்ரிப்புக்கு மொத்த ஆளையும் ஏத்திக்குவானுங்க” என்று எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏசி ரூம் ஆளுக்குப் பழனி பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்? என்னிடம் படித்து என்னிடமே திருப்பிச் சொல்கிறான் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. அன்றையிலிருந்து தினமும் மல்லுக்கட்டுதான். நான் ஒன்று எழுதுவேன், அவர் ஒன்று எழுதுவார். இரண்டு வேனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

விளையாட்டாக இருந்தவரைக்கும் சரி. ஆனால் நான் சொன்ன கம்பெனிப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. மூத்தவளே, உனக்குக் காலேஜுக்கு லேப்டாப் வாங்குவதற்காக நானும் அம்மாவும் சீட்டுக் கட்டி எடுத்து வைத்திருந்த பணம் வங்கியில் சும்மாதானே கிடக்கிறது, இதில் போட்டு எடுத்தால் நல்ல லேப்டாப்பாகவே வாங்கலாமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அதைக் குழுவிலும் எழுதினேன். பிள்ளை படிப்புக்குச் சேர்த்த காசு முழுவதையும் இதில் போடப் போகிறேன், எனக்கு அவ்வளவு நம்பிக்கை என்று பெருமையாகவே எழுதினேன்.

மழைத்துளி அதன் பிறகு பஸ்ஸை வைத்து மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டார். “பஸ்ஸுல ஆள் ஏறுறதை நாம கண்ணால பாக்கறோம். இந்தக் கம்பெனி என்ன செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? புள்ளை காசுங்க, பொறுங்க” என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம். எனக்குத் தெரியாது என்பதுதான் கோபத்துக்குக் காரணம். “உன் வேலையைப் பாரு” என்று பதில் போட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. தெரிஞ்ச பையன் ஒருத்தன். காசைக் கொண்டுபோய்க் கொட்டப் பாக்கறான். சொன்னாக் கேக்கமாட்டேங்கறான்.”

“யாருண்ணே, சொந்தக்காரப் பயலா?”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

“நல்லா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேளுங்கண்ணே. அப்பத்தான் புத்தி வரும்.”

“திட்டுனா இன்னும் முறுக்கிக்குவானுங்க. அவன் ரகம் அப்படி. சிங்கத்துக்குப் பொறந்த மாதிரிப் பேசறான்.”

“அம்புட்டுத் திமிரு இருந்தா விட்டுத் தள்ளுங்கண்ணே. பட்டுத் தெளியட்டும்” என்று சொல்லி, அவர் தட்டிலிருந்த கத்தரிக்காயையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன். அதுவும் எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளே, அவ்வளவு கூர்மையான ஆள் உங்கள் அப்பா.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் வேன்காரர்களுக்கு ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்கள். அண்ணன் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். “படிச்சுச் சொல்லுங்க தம்பி” என்று என்னிடம் கொடுத்தார். விடுமுறை தொடங்குவதற்குள் வேனை ஆர்.டி.ஓ.வில் காட்டி எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, வாங்கிவிட வேண்டும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அவர் அவருடைய வேனில் ஏறினார், நான் என்னுடையதில் ஏறினேன்.

அன்றைக்குப் பங்கு விலை மேலே போய்க்கொண்டிருந்தது. இனிமேல் பொறுத்தால் கிடைக்காது என்று தோன்றியது. வங்கியிலிருந்து பணத்தைக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். குழுவில், “சிங்கம் களத்தில் இறங்குது. யார் தடுத்தாலும் இன்னைக்கு வாங்கப் போறேன்” என்று எழுதினேன். எத்தனை பங்கு என்று அடித்தாகிவிட்டது. வாங்குகிற பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் தெருவில் வெங்காய ஆட்டோ வந்தது. நம் தெருவுக்கும் வருமே, அதே ஆட்டோதான். ‘பல்லாரி வெங்காயம், பல்லாரி வெங்காயம், வீட்டு வாசலுக்கே வருது, வாங்கம்மா’ என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கத்திக்கொண்டே போனது. அது முனை திரும்பியதும் போன் ‘டிங்’ என்றது. மழைத்துளி குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதுவரை அவர் எழுதினாரே தவிரப் பேசியது கிடையாது. என்னதான் உளறுகிறான் கேட்போமே என்று அமுக்கினேன்.

முதலில் கேட்டது, ‘பல்லாரி வெங்காயம், பல்லாரி வெங்காயம்.’

அதற்கு மேலே, மத்தியானமானால் “தம்பி, எந்திரிங்க, சோறு ஆறுது” என்று என்னை எழுப்புகிற குரல்: “சிங்கம் தம்பி, கண்ணாடி இல்லீங்க, எழுத முடியல, அதான் பேசறேன். கோவிச்சுக்காதீங்க. யாரு பெத்த புள்ளையோ எனக்குத் தெரியாது. அது கைக்கு வர வேண்டிய பொருளுங்க. ஒரு வாரம் பொறுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகுது.”

எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான். எட்டிப் பார்த்தால், அண்ணன் மல்லாக்கப் படுத்து, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வருகிறதா என்று பார்க்கிறார்!

இறங்கிப்போய் அவர் ஜன்னலோரம் நின்று, “மழைத்துளி!” என்றேன்.

அண்ணன் துள்ளி எழுந்ததில் வேன் கூரையில் தலை இடித்துக்கொண்டது.

“எ… என்னங்க தம்பி சொன்னீங்க?”

“சிங்கம் வந்திருக்கு.”

என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“அட அடங்காத பயலே! நீதானா அது?”

“ஏண்ணே, இம்புட்டு நாளா நீங்கதானா? மீசையை வச்சுக்கிட்டு மழைத்துளியாண்ணே?”

“எம் பொண்ணு வச்ச பேருடா! எனக்கு மாத்தத் தெரியல!”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பள்ளிக்கூட வாட்ச்மேன் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஷேர் பக்கம் போனவன் உருப்பட மாட்டான் என்று மரத்தடியில் எத்தனையோ தடவை வேன்காரர்களுக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன் இந்த அண்ணன். அதைச் சொல்லிக் காட்டினேன். “நீ மட்டும் யோக்கியமா? ஆமா ஆமான்னு தலையாட்டுனியே” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் முகம் மாறியது.

“தம்பி, புள்ளை காசுன்னு எழுதுனியே. அது நம்ம மூத்தவ காசா?”

“ஆமாண்ணே.”

“எம் வண்டியில முன் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு வந்த புள்ளடா அது. வாங்கிட்டியா?”

இல்லை என்று போனைக் காட்டினேன். பொத்தான் அப்படியே நின்றது. அண்ணன் வேன் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போட்டு வைத்திருந்ததை அழித்தேன். மழைத்துளி சொன்னபோது எரிச்சலாக இருந்த அதே பேச்சு, அந்த முகத்தைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“சரிண்ணே, உங்க கம்பெனி என்னதான் செய்யுது?” என்று கேட்டேன்.

மீசையைத் தடவினார். “எனக்கும் தெரியாதுங்க தம்பி. பேரு நல்லா இருந்துச்சு.”

அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தோமே, அதிலிருந்துதான் உங்களுக்குத் தெரியும். மூத்தவள் போனில் என்னவோ தேடிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, உங்க கம்பெனி கம்ப்யூட்டர் விக்குது. மாமா கம்பெனி அதுக்குள்ள வைக்கிற மதர்போர்டு செய்யுது. நீங்க பஸ்ஸுன்னா, மாமா டயரு. பஸ்ஸும் டயரும் எங்கயாவது ரேஸ் விடுமா? உங்களுக்கு நிஜமான போட்டிக்காரங்க வேற யாரோ!” என்றாள். அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நாங்க இத்தனை நாள் யாரோடதான் சண்டை போட்டோம்?” என்று கேட்டார். சின்னவன் தின்னும் பக்கோடா தரையெல்லாம் சிதறும்படி சிரித்தான்.

லேப்டாப் வந்துவிட்டது. அந்தப் பங்கு அப்புறம் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. ஏறுகிற நாளில் நான் அண்ணனை முறைப்பேன். இறங்குகிற நாளில் அவர் என்னைப் பார்த்து மீசையைத் தடவுவார். வாங்கியிருந்தால் லாபமா நட்டமா என்று இன்றுவரை நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. எனக்கு மனதில் நிற்பது வேறு. முகம் தெரியாத ஒருத்தன் பிள்ளைக்காக அந்த மனுஷன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் யாரோ ஒருவருக்கு அண்ணனாகத்தான் இருப்பார் என்பதை அந்த வெங்காய ஆட்டோ போன நாளில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி. அடுத்த வாரம் அண்ணன் எஃப்.சி.க்கு வேனைக் கொண்டுபோயிருந்தார். மரத்தடியில் நான் மட்டும்தான். குழுவில் ரோஜாப்பூப் படம் வைத்த ஒரு புது ஆள், பங்கைப் பற்றித் தெரியாதவர்களெல்லாம் எதற்குப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. சூடாக ஒரு பதில் அடித்தேன். அனுப்பும் முன்னால், காலியாக இருந்த வேனில், எதிர் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குக் கூச்சமாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன். மத்தியான நேரம். “சாப்டீங்களா?” என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன்.