போகும் நேரமும் திரும்பும் நேரமும்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். விமான நிலையத்தில் எங்களோடு லோடராக இருந்த முனுசாமி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "எமிலி மேடம் பூட்டாங்க சார். அனகாபுத்தூர் வூட்லதான் வச்சிகீறாங்க" என்றார். வேலைக்குப் போகாமல் அவரோடு பஸ் ஏறினேன்.

மீனம்பாக்கத்தில் எமிலி அக்காவோடு வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் அவரை முசுடு என்று சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு விமானமும் எவ்வளவு நேரம் பறக்கும், எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்கிடுவது அவருக்கும் எனக்கும் வேலை. மதுரைக்கு எத்தனை நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், "தூரத்தை நான் சொல்றேன். நேரத்தைக் காத்துதான் சொல்லணும்" என்பார். கேட்டவர் முகம் சுருங்கிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நவம்பர். வங்கக் கடலில் புயல் ஆந்திரா பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் போர்ட் பிளேர் விமானம். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், வழக்கமாக இரண்டு மணி நேரம். அங்கே இறங்க முடியாவிட்டால் அத்தனை கடலையும் தாண்டி மெட்ராஸுக்கே திரும்ப வேண்டும். அன்று மேற்கிலிருந்து பலத்த காற்று. போகும்போது பின்னாலிருந்து தள்ளும்; திரும்பினால் எதிர்த்து நிற்கும். திரும்புவதற்கு இரண்டரை மணி என்று போட்ட அக்கா, கூடுதல் எரிபொருள் கேட்டார். அந்த எடைக்காகப் பதினாறு பயணிகளை இறக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் கத்தினார். "போறதுக்கு ரெண்டு மணின்னா வர்றதுக்கும் அதேதானேம்மா?"

"இன்னிக்கு இல்ல சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவை எடுத்தும் விட்டேன். அக்கா தடுக்கவில்லை. "காத்து ரிப்போர்ட்டை ஒரு தடவை படிச்சுட்டுப் போடு" என்றார். படித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இறக்கிவிடப்பட்டவர்களில் ஒருவருடைய அம்மா போர்ட் பிளேரில் சாகக் கிடந்தார். "எங்கம்மா முகத்தைப் பாக்க முடியாமப் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று அக்காவைப் பார்த்து அழுதார்.

அக்கா கேட்ட எரிபொருளோடு விமானம் போனது. போர்ட் பிளேரில் மழை. இரண்டு முறை சுற்றியும் ஓடுபாதை தெரியவில்லை; திரும்பிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. திரும்பத் தொடங்கி இரண்டு மணி நேரம் கடந்தது. மேனேஜர் எங்கள் அறை ஜன்னலருகே போய் நின்றார். இரண்டே கால் ஆயிற்று. வானம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தது. அக்கா எரிபொருள் தாளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு மணி நேரம் முப்பத்து நாலாவது நிமிடத்தில் சக்கரங்கள் தரையைத் தொட்டன.

அம்மாவுக்காக அழுதவர் அக்காவின் எதிரே வந்து நின்றார். "உட்காருங்க தம்பி, போன் போட்டுப் பாக்கலாம்" என்று அக்கா டிரங்க் கால் பதிவு செய்தார். மாலையில்தான் லைன் கிடைத்தது. அதற்குள் அந்த அம்மா இறந்திருந்தார்.

அன்று வீடு திரும்பும்போது கேட்டேன்: "உங்க கணக்கு சரின்னு தெரியும்ல, அப்புறம் ஏன்க்கா அப்படிப் பயந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான். மீதி எரிபொருள்ல இன்னும் எத்தனை நிமிஷம் பறக்கும்னு அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும்."

பிறகு பத்து வருடம் நானும் அந்தத் தாள்களில் கையெழுத்திட்டேன். அக்காவின் தைரியம் எனக்கு வரவில்லை. அவருடைய பயம் மட்டும் வந்தது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.