சாலையில் வரிசை பிடித்த காலிக் குடங்கள்

எண்பதுகளின் தொடக்கம், கத்திரி வெயில் நேரம். எனக்கு இரண்டாவது பிரசவம். வலி எடுத்ததும் செங்கம் பக்கத்திலிருந்து திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்கு என் கணவர் பஸ்ஸில் அழைத்து வந்தார். ஊருக்குள் நுழையும்போதே வருகிற ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே காலிக் குடங்கள். குழாயடியில் இடம் பிடிப்பது போல ஆளுக்கொரு குடத்தை வைத்துவிட்டு, பெண்கள் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குடிதண்ணீருக்கு மறியல். அதிகாரி வந்து பதில் சொன்னால்தான் எழுந்திருப்பார்களாம்.

என் கணவருக்கு எலெக்‌ஷன் என்றால் உயிர், மறியல் என்றால் வேப்பங்காய். இறங்கிப் போய், ஓட்டுப் போட்டு ஆளை மாற்றுவதை விட்டுவிட்டு ரோட்டை மறித்தால் ஆயிற்றா என்று சத்தம் போட்டார். அங்கிருந்த ஒரு அக்கா நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஓட்டும் போட்டோம்ங்க. அது அஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி. தாகம் தெனமும் எடுக்குதே."

அதற்குள் வலி தாங்காமல் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அந்த அக்கா பஸ்ஸில் ஏறி என்னைப் பார்த்தார். வழி விட்டால் பின்னாலேயே எல்லா வண்டியும் நுழைந்துவிடும், மறியல் போய்விடும் என்று கீழே ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது.

"போனா போவட்டும். இன்னொரு நாள் ஒக்காந்துக்கலாம். கொடத்த எடுங்கடி."

சொன்னதோடு நிற்காமல், ஆஸ்பத்திரி வரை என் கையைப் பிடித்தபடியே வந்தார். வார்டுக்குள் போன சற்று நேரத்தில் என் மகள் பிறந்தாள். அவர்கள் பயந்தபடியே எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் லாரிகள் நுழைந்து, கூட்டம் கலைந்து, அதிகாரி வராமலே போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குழந்தைக்குத் தலை நின்றதும் அக்காவிடம் காட்டப் போனோம். பார்த்தால், அன்றும் அதே இடத்தில் மறியல். என் கணவர் பக்கத்துக் கடையில் ஒரு குடம் வாங்கி வந்து வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, ஆண்பிள்ளை என்ற கூச்சம்கூட இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஓட்டுக்காரரு வந்துட்டாரு, நவுந்து எடம் குடுங்கடி."

அடுத்த எலெக்‌ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே குழாய் வந்தது. மறியலுக்குப் பயந்து வந்ததா, ஓட்டுக்குப் பயந்து வந்ததா என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் தீரவில்லை. எனக்கு அந்தக் கவலை இல்லை. இன்றும் மறியலில் பஸ் நின்றால் எல்லோரும் முணுமுணுப்பார்கள். நானோ, தங்கள் தாகத்தைத் தள்ளி வைத்து என் மகளுக்கு வழி விட்ட அந்த முகங்களை நினைத்து, மனதுக்குள் கும்பிட்டபடி உட்கார்ந்திருப்பேன்.