புத்தர் வெடித்த வாரம்

போன வாரம் எங்கள் சூளையில் புத்தர் வெடித்துவிட்டார்.

பதற வேண்டாம். பீங்கான் புத்தர்தான். விருத்தாசலத்தில் எங்களுடையது சின்ன பொம்மை யூனிட். ஒரு தட்டில் புத்தர், பக்கத்துத் தட்டில் இயேசு. இருவருக்கும் ஒரே மண், ஒரே சூடு. இதுவரை அவர்களுக்குள் எந்தத் தகராறும் வந்ததில்லை. தகராறு எனக்குத்தான்...

என் அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது — வாட்ஸ்அப்பில்! அக்கா இருக்கும் கருவேப்பிலங்குறிச்சி என்ன துபாய்க்குப் பக்கத்திலா இருக்கிறது? ஊருக்கெல்லாம் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கிறவள், கூடப் பிறந்தவளுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்புகிறாள். கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால், அந்தப் பெண் என் இடுப்பிலேயே வளர்ந்தவள்.

என் வீட்டுக்காரர் சமீபத்தில் ஒரு தியான முகாமுக்குப் போய்வந்தார். அங்கே பேச்சு கூடாது, போன் கூடாது. திரும்பி வந்ததிலிருந்து பாதி புத்தர். மீதிப் பாதி டீ கேட்கும்.

“கோவம் வருதா? வரட்டும். ஒண்ணும் செய்யாத. சும்மா பாத்துக்கிட்டு இரு, தானா போயிடும்” என்றார்.

எங்கள் பொம்மைகளுக்குக் கண் எழுதும் ஸ்டெல்லா, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் கட்சி வேறு. “சும்மா உக்காந்திருந்தா எப்பிடிக்கா? நீங்களே மொதல்ல அவங்க வூட்டுக்குப் போயி பேசிடுங்க.”

“தப்பு அவ மேல!”

“அதனாலதான் உங்களப் போவச் சொல்றேன்.”

நீங்களே சொல்லுங்கள், எது சுலபம்? புத்தர் வழியில் பஸ் ஏறக்கூட வேண்டாம். இயேசு வழியிலோ எதிரியை நேசிக்க வேண்டும். எதிரியையாவது நேசித்துத் தொலைக்கலாம்... அக்காவை?

புத்தருக்கே என் ஓட்டு.

பாயை விரித்து உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் மூச்சு தெரிய வேண்டுமாம். எனக்கு பிடிஎஃப்தான் தெரிந்தது. முட்டி கெஞ்சியது. அப்போதுதான் உறைத்தது — ஸ்டெல்லா ‘ஆண்டவரே, முடியல’ என்று அழுது பாரத்தை இறக்கி வைத்துவிடுவாள். இங்கே புகார் வாங்கவே ஆளில்லை. கோபமும் நானே, அதற்கு வாட்ச்மேனும் நானே!

எழுந்து போய், அதே வேகத்தில் சூளையில் பொம்மைகளை அடுக்கினேன். நன்றாகக் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஈரத்தோடு சூடேறினால் வெடிக்கும். எங்கள் தொழிலின் அரிச்சுவடி இது. நான் பார்க்கவில்லை.

சாந்த சொரூபி சுக்குநூறானார். பக்கத்துத் தட்டு இயேசுவுக்குக் கை போனது.

“இதையும் சும்மா பாரு” என்றார் வீட்டுக்காரர். நான் அவரைப் பார்த்தேன். வெளியே போய்விட்டார்.

ஸ்டெல்லா சில்லுகளைப் பெருக்கினாள். “உங்க அக்கா வூட்டுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் சூளைப் பக்கமே வராதீங்கக்கா. எங்காளு என்ன பாவம் பண்ணாரு?”

பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்ததுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். “இப்பதான் வழி தெரிஞ்சுதா? மண்டபம், சமையல்னு ஒண்டி ஆளா அல்லாடுறேன். தட்டு வெச்சு அழைக்க நீ என்ன விருந்தாளியா? எங்கூட வந்து நாலு பேருக்குப் பத்திரிகை வெப்பன்னு பாத்தா, மூஞ்சத் தூக்கிவெச்சிக்கிட்டு வூட்டுல உக்காந்திருக்க!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிலும் வந்தது, காரமாக. விழுங்கினேன். நானே தேடிப் போனது ஸ்டெல்லா வழி. அக்கா திட்டி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்தது வீட்டுக்காரர் வழி. ஒரு அக்காவைச் சமாளிக்க ஒரு மதம் போதாது.

திட்டி ஓய்ந்தவள் ஒரு கட்டுப் பத்திரிகையை என் மடியில் போட்டாள். “மங்கலம்பேட்டைக்கு நீ போயி வெச்சிடு.”

இப்போது தட்டும் கையுமாக வீடு வீடாகப் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு? இன்னும் அந்த பிடிஎஃப்தான்!