தட்டிப் பார்க்கிற கை

மண்பானை வாங்குவது போலத்தான் என் மனைவி மிருதங்கம் வாங்குவாள். முழங்காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, நடுவிரல் கணுவால் கட்டையில் இரண்டு தட்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்சம் யோசனை. "விரிசல்" என்றால் விரிசல்தான். தோலை அவள் பார்க்கவே மாட்டாள். "தோலு கிழிஞ்சா மாத்திக்கிரலாம். கட்டை போச்சுன்னா போச்சு" என்பாள்.

பேசும்படக் கொட்டகைகள் வந்த பிறகு எங்கள் பக்கத்து நாடக செட்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ராஜா வேஷக்காரர்கள் ஏலத் தோட்டத்து வேலைக்கு மலையேறினார்கள். செட்டுகளின் மிருதங்கங்கள் தேனிச் சந்தையில் கருவாட்டுக்கும் பழைய இரும்புக்கும் நடுவே வந்து உட்கார்ந்தன. சந்தைக்குப் பக்கத்தில் கயிறும் சாக்கும் விற்றுக்கொண்டிருந்த எனக்கு அவற்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மலிவாக வாங்கி, வார் மாற்றி, தோல் மாற்றி, பஜனை மடங்களுக்குக் கொடுப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. "தெரியாதவுகளுக்கு எதுக்கு இது?" என்று கேட்டவர்களிடம், "நீச்சல் தெரியாதவன்தேன் தெப்பம் வாங்கணும்" என்று சொல்லி வைத்தேன்.

கடைசியாக வந்தது போடியில் கலைந்த ஒரு செட்டின் மிருதங்கம். அவள் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்கேருங்க, இது பேசாது. வேணாம்."

"நான் பேச வைக்கிறேன்."

"கோவிச்சுட்டுப் போன உங்க தம்பியவே இன்னும் பேச வைக்க முடியல. கட்டைய பேச வைக்கப் போறீகளாக்கும்."

"பேசுச்சுன்னா நீயே உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன். அதுவரைக்கும் தோலைத் தொட்ட கையோட அடுப்பங்கரைப் பக்கம் வராதீக."

மாட்டுக்கொட்டத்தில் வேலை ஆரம்பமானது. விரிசலில் அரக்கும் பலாமரத் தூளும் குழைத்து அடைத்தேன். அது காற்றுக் காலம். எங்கள் பள்ளத்தாக்குக் காற்று தோலைச் சீக்கிரமே காயவைத்து வெடிக்க வைத்துவிடும். அதனால் ஈரச் சாக்கைச் சுற்றி, பிள்ளைக்குப் போர்த்துவது போலப் போர்த்தி வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் அவளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது.

எனக்குப் பதற்றம் வந்தால் ஊருக்கே தெரியும். கம்பவுண்டரைக் கூப்பிட ஓடியவன், இடுப்பில் வேட்டிக்குப் பதிலாகச் சாக்கு இருப்பதை அவர் சொல்லித்தான் பார்த்தேன். அவர் கொயினா மருந்து கொடுத்தார். காய்ச்சல் விட்டது. விடுவதற்கு முன்பே அவள், "காதுக்குள்ள சில்வண்டு கத்துது" என்றாள். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. ஒரு காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் எல்லாரும் மெதுவாவே பேசுறீக? நான் பிழைக்க மாட்டேன்னுட்டாகளா?"

நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று குடத்தோடு வந்து நின்றார்.

கம்பவுண்டர் சொன்னார்: "கொயினா செஞ்ச வேலை. மருந்தை நிறுத்தியாச்சு. சிலருக்குக் காது திரும்பும், சிலருக்குத் திரும்பாது. பொறுத்துப் பாருங்க."

பொறுக்கிற ஆளா நான்? குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்கு நடந்தேன். எள் விளக்கேற்றி, "சனீஸ்வரா, அவளுக்குப் பதிலா என் காதை எடுத்துக்கோ" என்று வேண்டினேன். வாசலைத் தாண்டியதும் யோசனை வந்தது. திரும்பிப் போய், "ஒரு காது" என்று திருத்திக்கொண்டேன். கொஞ்ச தூரம் வந்ததும் வெட்கமாகிவிட்டது. மறுபடியும் போய் இரண்டு காதுமே என்றேன். பூசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாமிக்கு என் கடைப்பேரம் பிடிக்கவில்லை போலும்.

வீட்டுக்கு வந்து மிருதங்கத்தைக் கையில் எடுத்தேன். இது பேசினால் அவளுக்குக் கேட்கும் என்று எனக்குள் ஒரு கிறுக்கு ஏறியிருந்தது. வாரை இழுத்து இழுத்து உள்ளங்கை பொத்துப்போனது. வலது பக்கத் தோலான வலந்தலையில் கருப்பு மசியை ஒவ்வொரு பூச்சாக வைத்து, கூழாங்கல்லால் தேய்த்தேன். ரவையைப் பிசைந்து இடந்தலையில் அப்பினேன். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தேன்.

தட்டினேன். நன்றாகவே இருந்தது. அந்தக் கட்டையா இது என்று எனக்கே மலைப்பு. அவள் பழைய மாதிரியே தலையைச் சாய்த்தாள். கண் மட்டும் என் கையை விட்டு நகரவில்லை.

"நல்லாருக்கு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பலமாக ஒன்று போடக் கையை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து வலந்தலை மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. மசி கெட்டுவிடுமோ என்று ஓங்கின கை, இறங்குகிற வழியில் தோலில் படாமலே நின்றுவிட்டது.

"ம்... இப்பத்தேன் சரியாப் பேசுது" என்றாள் அவள்.

எதற்கெடுத்தாலும் பதறுகிறவன் நான். அப்போது பதற்றம் வரவில்லை. ஓங்கின கையைச் சத்தமில்லாமல் இறக்கினேன். தோலில் படாமலே விரல்களை ஆட்டினேன். தலையையும் ஆட்டினேன், வித்வான் போல. அவள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சிரித்தாள். எனக்காகச் சிரித்தாள். ஈ எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கச்சேரி கேட்டது.

அடுத்த சந்தைக்குப் பானை வாங்கப் போனோம். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கணுவால் தட்டினாள். தலையைச் சாய்த்தாள். நல்ல பானை ஒன்றைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதை அவள் தட்டியபோது வந்த விரிசல் சத்தம் எனக்கே பிடிபட்டுவிட்டது.

"ஆத்தா, அது வந்து..." என்று பானைக்காரர் ஆரம்பித்தார்.

"வீட்டுல பார்த்து எடுத்தா சரியாத்தேன் இருக்கும்யா" என்று நான் முந்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பானையைச் சுற்றி ஈரம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிருதங்கத்துக்குத் தோல் ஊறப்போட எனக்கு ஒரு பானை வேண்டும் என்று கையால் காட்டி, அதைத் தூக்கிக்கொண்டு கொட்டத்துக்குப் போனேன்.

ஊறப்போட அங்கே தோல் எதுவும் இல்லை.