சிஸ்டம்டி பிடிக்காதவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே லினக்ஸ் சர்வர்களை நானும் அவரும்தான் பார்த்துக்கொண்டோம். நான் சேக்காட்டிலிருந்து வருவேன். அவர் பூந்தமல்லி, வீட்டில் அத்தர் வியாபாரம்.

கணினி எழுந்ததும் முதலில் ஓடும் நிரல் ஒன்று உண்டு. மற்ற எல்லாவற்றையும் அதுதான் எழுப்பும். அந்த இடத்துக்கு சிஸ்டம்டி என்று ஒன்று புதிதாக வந்திருந்த காலம். எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கு ஆகவே ஆகாது. தினமும் டீக்கடையில் சண்டைதான்.

“இன்னா மேடம், எல்லா வேலையும் உங்க ஆளே இஸ்துப் போட்டுகினா, அவன் படுத்துட்டா மத்ததெல்லாம் இன்னா ஆவுறது?”

“உங்க பழசு ஒண்ணொண்ணா எழுப்பி முடிக்கிறதுக்குள்ள டீயே ஆறிடுதே!”

சிரித்துவிட்டு இன்னொரு டீ சொல்வார்.

நிர்வாகம் சிஸ்டம்டிக்கு மாறச் சொன்னது. நானே மாற்றினேன். சில நாள் கழித்து கரண்ட் போய் வந்தபோது சர்வர் எழவில்லை. அன்று அவருக்கு லீவு. போன் செய்ததும் பைக்கில் வந்துவிட்டார்.

எப்போதோ கழற்றிய டிஸ்க் ஒன்றின் பெயர், சர்வர் எழும்போது தேடும் பட்டியலில் அப்படியே இருந்தது. பழைய நிரலாக இருந்தால் அதை விட்டுவிட்டுப் போயிருக்கும். இது நகரவில்லை.

“வராதவனுக்காகக் காத்துகினு கீறான் மேடம். வரலன்னாலும் பரவால்ல, நீ போன்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தார். சர்வர் எழுந்தது. ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “டீ சாப்டலாமா?” என்றார். அதன்பிறகு காலையிலிருந்தே டீ நேரத்தை எதிர்பார்க்கத் தொடங்கினேன். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

பிறகு அவர் துபாய்க்கு வேலைக்குப் போனார். அங்கேயே திருமணம். நானும் வேறு கம்பெனிக்கு மாறினேன். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அப்படியொரு சண்டை நடந்ததே தெரியாது. “ஓடுதுல்லக்கா, அப்புறம் இன்னா?” என்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என்னவோ தோன்றி அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘இன்னும் பழசுதானா?’

உடனே பதில் வந்தது. ‘இல்ல மேடம், இங்க எல்லாமே சிஸ்டம்டி. பழகிடுச்சி. நீங்க சொன்னதுதான் கரெக்டு.’

அத்தனை டீக்கடைச் சண்டைகளில் ஒருமுறைகூட அவர் அப்படி ஒப்புக்கொண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இல்லை. ‘உங்கள் பக்கமும் நியாயம் இருந்தது’ என்று எழுதி அனுப்பினேன். பழையபடி ஏதாவது சொல்லி அவர் சண்டைக்கு வருவார் என நினைத்து, கரையில் போட்டிருந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது.